அத்தியாயம் 7: கீழே திண்ணை, மேலே போர்வை
விதைப்பானைச் சரிசெய்து, விதையை மண்ணோடு ஒட்ட வைத்தல்

வரிசையில் இரண்டு முழத்துக்குப் பயிரே இல்லை என்றால், அங்கே விதை விழவில்லை என்றுதான் முதலில் நினைப்போம். அந்த இடத்தை மெதுவாகக் கிளறிப் பாருங்கள். பெரும்பாலும் விதை அங்கேயே கிடக்கும், மூன்று கோலங்களில் ஒன்றில்.

முதல் கோலம்: பையிலிருந்து எடுத்ததுபோலவே காய்ந்து, இரண்டு மண்கட்டிகளுக்கு நடுவே கிடக்கும் விதை. இரண்டாவது: ஊதி, தோல் கிழிந்து, அழுகிய நாற்றத்துடன் கிடக்கும் விதை. மூன்றாவது: முளைவிட்டு, மேலே வர வழியில்லாமல் மண்ணுக்குள்ளேயே சுருண்டு வெளிறிக் கிடக்கும் குருத்து.

மூன்றுக்கும் நாம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "விதை சரியில்லை." சில சமயம் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் முதல் விதையைச் சுற்றி மண் அணையவில்லை. இரண்டாவது, தேவைக்கு மேல் ஈரத்தில் காற்றில்லாமல் மூடப்பட்டது. மூன்றாவது, ஆழம் கூடியோ மேல்மண் இறுகியோ அடைபட்டது. மூன்றையும் விதைக்கும் அன்றே, ஒரு ஸ்பேனரும் ஒரு சுரண்டியும் கையில் இருந்தால் தடுக்கலாம். அதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் டிராக்டரில் மாட்டும் விதைப்பானை வைத்து, கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மானாவாரியில் புரட்டாசிப் பட்டத்துக்கு மக்காச்சோளமும் உளுந்தும் விதைப்பதை ஒட்டி எழுதப்பட்டவை. செம்மண்ணுக்கு மாறுகிற இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

விதை தண்ணீர் குடிக்கும் விதம்

மக்காச்சோள விதை முளைவிட வேண்டுமானால் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உறிஞ்ச வேண்டும். பயறு வகைகளுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். இந்தத் தண்ணீர் விதைக்கு வருவது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மண் துகள்கள் வழியாகத்தான். சுற்றிலும் ஈரம் இருந்தும் விதையை மண் தொடாவிட்டால், பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலை போடாத கதைதான்.

விளக்குத் திரியை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சைத் திரித்தால்தான் எண்ணெய் ஏறும். உதிரியாகக் கிடக்கும் பஞ்சில் ஏறாது. மண்ணும் அப்படித்தான். அளவாக அழுந்திய மண்ணில் துகள்களுக்கு இடையே உள்ள இடுக்குகள் சிறுத்து, அடி ஈரம் அவற்றின் வழியே மேலேறி விதையைத் தொடும். பொலபொலவென்று கிடக்கும் மண்ணில் இடுக்குகள் பெரிது. அதில் ஈரம் ஏறாது, வெயில்தான் இறங்கும்.

அழுத்தம் நல்லது என்று அளவு மீறினால் இன்னொரு கேடு வரும். முளைக்கும் விதைக்கு மூச்சு வேண்டும். வேருக்குத் துளைத்துப் போக இடமும் குருத்துக்கு முட்டிக்கொண்டு வர வழியும் வேண்டும்.

ஆகவே நமக்கு வேண்டியது இப்படி ஓர் அமைப்பு: விதை உட்காரும் அடிமண் உறுதியாக இருக்க வேண்டும். விதையின் இரு பக்கமும் தலைமேலும் மண் இடைவெளி இல்லாமல் அணைந்திருக்க வேண்டும். அதற்கு மேலே உள்ள ஓர் அங்குல மண் பொலபொலப்பாக இருக்க வேண்டும். கீழே திண்ணை, மேலே போர்வை. இனி வரும் ஒவ்வொரு திருகும் நெம்பும் இந்த ஒன்றுக்காகத்தான்.

கருவிக்கு முன் நிலம்

விதைப்பானால் சரிசெய்ய முடியாத குறைகள் சில உண்டு. அவற்றை உழவிலேயே தீர்க்க வேண்டும்.

ரோட்டாவேட்டர் வந்தபின் நிலம் பார்க்க மாவுபோல அழகாக இருக்கிறது. ஆனால் நடந்து பாருங்கள். குதிகால் ஓர் அங்குலம் பதிந்தால் நல்லது. கணுக்கால் வரை புதைந்தால் அந்த நிலம் விதைக்கத் தயாராகவில்லை. அதில் கொழு எவ்வளவு ஆழம் போகிறது என்று யாராலும் கட்டுப்படுத்த முடியாது. கருவியின் சக்கரமும் சேர்ந்து புதையும். அப்படிப்பட்ட நிலத்தில் விதைப்புக்கு முன் ஒரு தடவை பரம்படித்து மண்ணை அமரச் செய்யுங்கள்.

பரம்புப் பலகை சமன் செய்ய மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மாட்டு ஏர் காலத்தில் விதைத்த கையோடு பலகையின்மேல் ஆள் ஏறி நின்று ஓட்டியது, மண்ணை விதையோடு சேர்த்து அழுத்தவும்தான். இன்றைய அழுத்துச் சக்கரம் செய்வதும் அதே வேலை, வரிசையில் மட்டும்.

கட்டிகள் எலுமிச்சம்பழ அளவுக்குமேல் நிறைய இருந்தால், எந்தச் சக்கரமும் விதையை மண்ணோடு அணைக்காது. கட்டியின்மேல் ஏறி இறங்கிப் போகும். கல்டிவேட்டரை இன்னொரு சால் ஓட்டுங்கள்.

அடுத்து ஈரம். விதை விழப்போகும் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுங்கள். மேல்மண் வேண்டாம், அது ஏமாற்றும். உருண்டையாகப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள்.

உருண்டையே பிடிபடவில்லை என்றால் ஈரம் போதாது.
விழுந்து நாலைந்தாக உதிர்ந்தால் பதம் சரி.
உதிராமல் தட்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம். வீட்டுக்குப் போங்கள்.

கடைசி வரியை நான் கேட்காத ஆண்டு ஒன்று உண்டு. நல்ல மழை பெய்து மூன்றாம் நாள். மறுபடியும் மழை வரும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் விதைத்துவிட வேண்டும் என்று எனக்குப் பறப்பு. டிராக்டர் ஓட்டும் தம்பி இறங்கி மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு மத்தியானம் வாரேன்" என்றான். "ஓட்டுப்பா, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

சொன்ன மழை வரவில்லை. நாலு நாள் நல்ல வெயில். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால், கொழு போன தடத்திலேயே கோடு கிழித்ததுபோல நிலம் பிளந்து நிற்கிறது. ஈரக் கரிசலைக் கொழு கிழித்தபோது சாலின் இரு பக்கச் சுவரும் சாந்து பூசியதுபோல மெழுகிப்போயிருந்தன. காய்ந்ததும் மூடிய வாய் திறந்துகொண்டது. பிளவுக்குள் மக்காச்சோளம் பல்வரிசை மாதிரித் தெரிந்தது. மைனாக்களுக்குக் கொண்டாட்டம். விதையும் டீசலும் இரண்டாம் தடவை போனதோடு, அந்தத் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேச எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

மெழுகிய சுவரைப் பிறகு எந்தத் திருகும் சரிசெய்யாது. கரிசலில் ஒரு நாள் பொறுப்பது ஒரு மூட்டை விதைக்குச் சமம்.

களத்துமேட்டில் செய்ய வேண்டியவை

கருவியை வயலுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு ஸ்பேனர் தேடக் கூடாது. முந்தின நாளே சமதரையில் டிராக்டரில் மாட்டி, கீழ்க்கண்டவற்றை முடித்துவிடுங்கள்.

1. டயர் காற்று. டிராக்டரின் இரண்டு பின் டயரிலும் காற்று சமமாக இருக்கட்டும். ஒன்று தளர்ந்தால் கருவி அந்தப் பக்கம் சாயும். அந்தப் பக்க வரிசைகள் ஆழமாகும்.

2. இடம் வலம். கருவியைத் தரைக்கு நாலு விரல் மேலே தூக்கி நிறுத்திப் பின்னால் போய்ப் பாருங்கள். சட்டம் தரைக்கு இணையாக இல்லையென்றால், வலப்பக்கத் தூக்குக் கம்பியில் உள்ள கைப்பிடியைச் சுற்றிச் சரிசெய்யுங்கள்.

3. முன் பின். பக்கவாட்டில் நின்று பாருங்கள். கொழுக்கள் முன் வரிசை, பின் வரிசை என்று மாற்றி மாற்றிப் பூட்டப்பட்டிருக்கும். டாப் லிங்க் நீளம் குறைந்தால் சட்டம் முன்னால் குனிந்து முன்வரிசைக் கொழு ஆழமாகப் போகும். நீளம் கூடினால் பின்வரிசை ஆழமாகும். ஒன்றுவிட்டு ஒரு வரிசை பிந்தி முளைக்கிற வயல்களில் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

4. ஆட்டம். பக்கச் சங்கிலிகளை இறுக்கி, கருவி இடமும் வலமும் அலையாமல் பாருங்கள்.

5. கொழு முனை. எல்லாம் ஒரே நீளத்தில் தேய்ந்திருக்கின்றனவா? ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் அந்த வரிசை மட்டும் ஆழமாகும். மாற்றுவதானால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இல்லையென்றால் யூ கிளாம்பைத் தளர்த்தி முனைகளைச் சமப்படுத்துங்கள். தரையில் ஒரு நீளப் பலகையைப் போட்டு அதன்மேல் கருவியை இறக்கினால் எந்த முனை தொடவில்லை என்று தெரிந்துவிடும்.

6. விதைக்குழாய். மடிந்திருக்கிறதா, குளவி கூடு கட்டியிருக்கிறதா, மண் அடைத்திருக்கிறதா? ஒவ்வொரு குழாயிலும் மேலிருந்து ஒரு கை விதை போட்டுக் கீழே பிடித்துப் பாருங்கள்.

7. உரக்குழாய். உரம் விதைக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளி, கொஞ்சம் கீழே விழ வேண்டும். விதையும் உரமும் ஒரே குழியில் விழும் கருவியாக இருந்தால், யூரியாவை விதையோடு போடவே போடாதீர்கள். முளை கருகினால், மண் அழுத்தம்தான் காரணம் என்று தவறாக எண்ணிக்கொண்டு இந்த அத்தியாயத்தைத் திருப்பித் திருப்பிப் படிப்பீர்கள்.

விதை அளவு

விதைநேர்த்தி செய்த விதையைக் கொண்டே அளவு பாருங்கள். மருந்தோ கஞ்சியோ பூசிய விதை சற்று ஒட்டும். வெறும் விதையைவிடக் குறைவாக இறங்கும்.

ஏழு வரிசை விதைப்பானில், 30 செ.மீ. இடைவெளியில், ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வரிசையின் அகலம் 2.1 மீட்டர். 30 மீட்டர் ஓட்டினால் 63 சதுர மீட்டர். ஏக்கர் என்பது 4047 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் அந்த 63 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 125 கிராம் விதை வர வேண்டும். குழாய்க்கு 18 கிராம்.

ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, வயலிலேயே 30 மீட்டர் ஓட்டுங்கள். பையைத் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். மொத்தம் கூடினால் குறைந்தால் விதைப்பெட்டியின் நெம்புகோலை நகர்த்துங்கள். ஒரு குழாயில் மட்டும் குறைந்தால் அந்த உருளையையோ குழாயையோ கவனியுங்கள். களத்துமேட்டில் சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கையால் சுற்றியும் அளவு பார்க்கலாம். ஆனால் வயலில் தரைச்சக்கரம் சில இடங்களில் சுற்றாமல் வழுக்கும், அங்கே விதை விழாது. அதனால் வயலில் பார்த்த அளவே கடைசி அளவு.

குழித்தட்டு உள்ள மக்காச்சோள விதைப்பானுக்கு எடையைவிட எண்ணிக்கை முக்கியம். செடிக்குச் செடி 25 செ.மீ. என்றால் 10 மீட்டர் வரிசையில் 40 விதை விழ வேண்டும்.

வேகத்தையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் போதும். 30 மீட்டரைக் கடக்க 22 முதல் 27 வினாடி ஆனால் அந்த வேகம்தான். அதற்குமேல் போனால் தட்டில் விதை சரியாக உட்காராது, கொழு மண்ணை வாரி எறியும், அழுத்துச் சக்கரம் துள்ளும். வாடகை டிராக்டர் மணிக்கணக்கில் ஓடுகிறது என்பதற்காகக் கியரை ஏற்றச் சொல்லாதீர்கள்.

ஆழம்

எந்தப் பயிருக்கு எத்தனை ஆழம் என்பதற்குப் பொது அளவு இது:

மக்காச்சோளம், நிலக்கடலை: 4 முதல் 5 செ.மீ.
சோளம், உளுந்து, பாசிப்பயறு: 3 முதல் 4 செ.மீ.
கம்பு: 2 முதல் 3 செ.மீ.
எள்: 2 செ.மீ. அளவில், மணல் கலந்து.

இதில் உளுந்தும் பாசியும் நிலக்கடலையும் பருப்பையே தூக்கிக்கொண்டு மேலே வரும் பயிர்கள். மண்ணை முட்டிக்கொண்டு வர அவற்றுக்கு வழி லேசாக இருக்க வேண்டும். மக்காச்சோளம் ஊசிபோன்ற உறைக்குள் குருத்தை வைத்துத் துளைத்து வருவது. சற்று ஆழத்தைத் தாங்கும். ஈரத்தைத் தேடி ஆழம் கூட்டலாம், ஆனால் விதையின் பலத்துக்கு மேல் கூட்டக் கூடாது.

கருவியில் ஆழச் சக்கரம் இருந்தால், டிராக்டரின் லிப்ட் லீவரை முழுக்கக் கீழே விட்டு, ஆழத்தைச் சக்கரமே பிடிக்கட்டும். ஆழச் சக்கரம் இல்லாத உள்ளூர்ப் பட்டறைக் கருவி என்றால், லீவருக்கு ஓர் இடத்தில் தடை வைத்து, ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்கு இறக்குங்கள். கையால் மனக்கணக்கில் இறக்கினால் ஒரு சாலில் 3 செ.மீ., அடுத்த சாலில் 6 செ.மீ. என்று போகும்.

டிராக்டர் டயர் போன தடத்தில் வரும் கொழுக்களைத் தனியே கவனியுங்கள். டயர் அமுக்கிய மண்ணில் கொழு குறைவாகவே இறங்கும். விதை மேலோடு நிற்கும். அந்தக் கொழுக்களை மட்டும் யூ கிளாம்பில் ஒரு விரல் கீழே இறக்கிப் பூட்டினால் மற்ற வரிசைகளோடு சமமாகும்.

இன்னொன்று. கருவியை நிற்கும் இடத்தில் தொப்பென்று இறக்காதீர்கள். வண்டி மெதுவாக முன்னே நகரும்போதே இறக்குங்கள். இறக்கியபின் ஓரடிகூடப் பின்னால் எடுக்காதீர்கள். விதைக்குழாயின் வாயில் மண் அடைத்துக்கொள்ளும். பெட்டியில் விதை குறையாததைக் கவனிக்கும்போது அரை ஏக்கர் வெறுமையாகப் போயிருக்கும்.

அழுத்துச் சக்கரம்

இனி முக்கியமான பகுதி. கொழு வெட்டிய சாலில் விதை விழுந்தபின் மண் அதன்மேல் சரியும். அந்த மண்ணை விதையோடு சேர்ப்பது பின்னால் வரும் அழுத்துச் சக்கரம்.

அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்பிரிங் இருக்கும். ஸ்பிரிங்கைக் கொக்கியில் மாற்றி மாட்டும் துளைகளோ இறுக்கும் நட்டோ இருக்கும். சில கருவிகளில் சக்கரத்தின் எடை மட்டும்தான். அதில் மேலே கல்லோ மணல்மூட்டையோ கட்டி எடை கூட்டலாம். எதுவாக இருந்தாலும் விதி இதுதான்:

மண் காய்ந்தும் பொலபொலப்பாகவும் இருந்தால் அழுத்தம் கூட்டு.
மண் ஈரமாகவும் களியாகவும் இருந்தால் அழுத்தம் குறை.
செம்மண்ணில், விதைத்தபின் அடைமழை எதிர்பார்த்தால் அழுத்தம் குறை.

நடுத்தர இறுக்கத்தில் தொடங்குங்கள். கடந்த ஆண்டு மூன்றாம் துளையில் மாட்டியிருந்தேன் என்பது தொடங்குவதற்கு உதவும், முடிவுக்கு உதவாது. காலையில் பனியீரத்தோடு தொடங்கிய வயலில் மத்தியானம் மேல்மண் காய்ந்துவிடும்; ஒரே நாளில் இரண்டு துளை மாற்ற வேண்டியும் வரும்.

சக்கரத்தின் வடிவமும் வேலையை மாற்றும். ஒற்றைத் தட்டைச் சக்கரம் சாலின் நடுவே நேராக அமுக்கும். காய்ந்த மண்ணுக்கு ஏற்றது. ஈரமண்ணில் விதைக்கு மேலே தளம் போட்டதுபோல இறுக்கிவிடும். மேலே விரிந்து கீழே ஒடுங்கிச் சாய்ந்து நிற்கும் இரட்டைச் சக்கரம் இரண்டு பக்கச் சுவரையும் நெருக்கி விதையை அணைக்கும். நடுவில் மேல்மண் தளர்வாக நிற்கும். கரிசல் ஈரத்துக்கும் பயறு வகைக்கும் அது நல்லது. இரட்டைச் சக்கரத்தின் நடு, விதைக்கோட்டுக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். அரை அங்குலம் விலகினாலும் ஒரு சக்கரம் விதைக்கு மேலேயே ஓடும். மற்றது வெறும் மண்ணை மிதிக்கும்.

ஈரக் கரிசல் சக்கரத்தில் ஒட்டி ஒட்டிப் பருக்கும். பருத்த சக்கரம் மண்ணோடு விதையையும் பிய்த்து எடுத்துக்கொண்டு போகும். சுரண்டுத் தகடு சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். அப்படியும் ஒட்டினால், கருவியைச் சரிசெய்வதை நிறுத்திவிட்டு மண் காயக் காத்திருங்கள்.

அழுத்துச் சக்கரமே இல்லாத கருவிகள் நம் ஊர்களில் இன்னும் நிறைய. அவற்றுக்குப் பின்னால் ஒரு கனமான பலகையைச் சங்கிலியில் கட்டி இழுக்கலாம். பலகையில் எடை வைப்பது மேலே சொன்ன விதிப்படியே. மண் ஈரமாக இருந்தால் பலகை வேண்டாம். வெறும் சங்கிலியோ முள்செடிக் கட்டோ போதும். அது விதையை மூடும், அமுக்காது.

ஓட்டு, இறங்கு, தோண்டு

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் சாலில் இருபது மீட்டர் ஓட்டி, வண்டியை நிறுத்தி, இறங்கித் தோண்டிப் பார்க்காமல் விதைப்பைத் தொடராதீர்கள்.

மேலிருந்து குத்தித் தோண்டினால் எல்லாம் கலைந்துவிடும். வரிசைக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி ஒரு சிறு குழி எடுங்கள். அங்கிருந்து சுரண்டியால், இட்லித் தட்டின் ஓரத்தைக் கரண்டியால் வழிப்பதுபோல, வரிசையை நோக்கி மண்ணை மெல்ல மெல்லச் சீவிக்கொண்டு வாருங்கள். விதை கண்ணில் பட்டதும் நிறுத்துங்கள். இப்போது சாலின் குறுக்குவெட்டு உங்கள் முன்னால் இருக்கிறது. நான்கு கேள்வி கேளுங்கள்.

விதைக்கு மேலே, பக்கத்தில் பொந்து இருக்கிறதா? இருந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது கட்டி அதிகம்.

சால்சுவர் பளபளக்கிறதா? பளபளத்தால் ஈரம் அதிகம். அழுத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை, நாளைக்கு வாருங்கள்.

விதைக்கு மேலுள்ள மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தினால் எப்படி இருக்கிறது? விரல் தடையில்லாமல் புதைந்தால் தளர்வு. நகம்கூடப் பதியவில்லை என்றால் இறுக்கம். லேசான தடையோடு தடம் பதிந்தால் போதுமானது.

விதை ஈரமண்ணில் உட்கார்ந்திருக்கிறதா? விதைக்குக் கீழே விரல் வைத்துப் பாருங்கள். காய்ந்த மேல்மண் சாலுக்குள் சரிந்து, விதை அதன்மேல் விழுந்திருந்தால், ஆழம் அரை அங்குலம் கூட வேண்டும்.

பிறகு ஆழத்தை அளந்து பாருங்கள். அழுத்திய பிறகு விதைக்கு நேர் மேலே உள்ள மண்ணின் கனமே ஆழம். பக்கத்து மேட்டிலிருந்து அளக்கக் கூடாது. வெவ்வேறு வரிசைகளில் பத்து விதையை அளந்து, மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், களத்துமேட்டுப் பட்டியலின் முதல் ஐந்தையும் மறுபடி பாருங்கள். சக்கரம் போன இடம் ஓடைபோலப் பள்ளமாக நின்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெருமழை வந்தால் பக்க மண் அதற்குள் சரிந்து, 4 செ.மீ. ஆழத்தில் வைத்த விதை 6 செ.மீ.க்குப் போய்விடும்.

ஒன்றை மாற்றினால் மறுபடி இருபது மீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு திருகைத் தொடாதீர்கள். எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். ஆழத்தை முதலில் முடித்துவிட்டுப் பிறகு அழுத்தத்துக்கு வாருங்கள். ஆழம் மாறினால் சக்கரத்தின் அழுத்தமும் தானாக மாறும். அரை மணி நேரம் போகும். வயலின் தன்மை மாறும் இடத்தில், பள்ளக்காட்டிலோ கரை ஓரத்திலோ, இன்னொரு தடவை தோண்டுங்கள்.

மழைக்கு முன் விதைப்பதானால்

மானாவாரிக் கரிசலில், பருவமழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் உண்டு. இதில் கணக்கே வேறு. இங்கே விதை உடனே முளைக்கக் கூடாது. சிறு தூறலில் முளைத்து, அடுத்த மழை வராமல் கருகுவதுதான் இதில் உள்ள ஆபத்து.

அதனால் சோளத்தை வழக்கத்தைவிட ஆழமாக, 5 செ.மீ.யில் வையுங்கள். தூறல் ஈரம் அதுவரை எட்டாது. எட்டும் அளவுக்கு மழை பெய்தால், வேர் பிடிக்கவும் ஈரம் இருக்கும். காய்ந்த மண் என்பதால் அழுத்தம் கூட்டியே வைக்கலாம். விதையைக் கடினப்படுத்தி விதைப்பதும் இந்த முறையில் உதவும். 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில், அதாவது லிட்டருக்கு 20 கிராம், சோள விதையை ஆறு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்திவிட்டு விதைப்பார்கள். சரியாக உலராத விதை கருவியில் ஒட்டும், பெட்டியிலேயே முளைகட்டவும் தொடங்கும்.

செம்மண்ணின் பொருக்கு

செம்மண்ணில் விதைத்த மறுநாள் அடித்துப் பெய்து, அடுத்த இரண்டு நாள் வெயில் காய்ந்தால் மேலே பொருக்குத் தட்டும். அடியில் எல்லாம் சரியாக இருந்தும், முளை அந்த ஓட்டை முட்டித் தலைகுனிந்து நிற்கும். கையால் எடுத்தால் பொருக்கு அப்பளம்போலத் தட்டையாகப் பெயர்ந்து வரும். அடியில் வெளிறிய முளைகள் தெரியும். வந்தபின் கிடைக்கும் அவகாசம் ஒன்றிரண்டு நாள்தான். நீர் வசதி இருந்தால் லேசாக ஒரு தண்ணீர் விட்டுப் பொருக்கை இளக்குங்கள். இல்லையென்றால் முள்செடியை வரிசைக்குக் குறுக்கே மெல்ல இழுங்கள். குருத்து மேலே எட்டிப் பார்த்துவிட்டால் முள்ளை இழுக்காதீர்கள், ஒடியும்.

பொருக்கு ஆண்டுதோறும் வரும் நிலத்துக்கு நிரந்தர மருந்து கருவியில் இல்லை. ஹெக்டேருக்கு 10 டன்னுக்குக் குறையாமல் தொழுவுரம் இட்டு, மண்ணுக்குப் பிடிப்பும் பொலபொலப்பும் வரச் செய்ய வேண்டும். அதுவரை செம்மண்ணில் அழுத்துச் சக்கரத்தை ஒரு துளை தளர்த்தியே வையுங்கள்.

எட்டாம் நாள்

ஈரத்தில் விதைத்த எட்டாம் நாள் வயலுக்குப் போங்கள். பத்து இடங்களில் பத்துப் பத்து மீட்டர் வரிசையை எண்ணுங்கள். மக்காச்சோளத்தில் 40 விதை போட்ட இடத்தில் 36 செடி நின்றால் வேலை சரி. 30க்குக் கீழே போனால், வெறுமை விழுந்த இடத்தைச் சீவிப் பாருங்கள். காய்ந்த விதையா, அழுகிய விதையா, சுருண்ட குருத்தா? தொடக்கத்தில் சொன்ன மூன்றில் ஒன்று காரணத்தைச் சொல்லிவிடும். கொத்துக் கொத்தாகக் குழி மட்டும் இருந்து விதையே காணவில்லை என்றால் அது மயிலின் வேலை. ஸ்பிரிங்கைக் குறைசொல்ல வேண்டாம்.

பிறகு டிராக்டர் டயர் போன தடத்தைத் தேடுங்கள். நாம் செலவில்லாமல் செய்த சோதனை அங்கே முளைத்து நிற்கிறது. டயர்த் தடத்து வரிசைகள் மற்றவற்றைவிட முந்தி, அடர்த்தியாக வந்திருந்தால், மற்ற வரிசைகளுக்கு அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். டயர்த் தடம் பிந்தி, வெளிறி நின்றால், விதைத்த அன்று மண் ஈரம் அதிகம். இரண்டும் ஒன்றுபோல நின்றால் நீங்கள் வைத்த துளை அந்த மண்ணுக்கு, அந்த ஈரத்துக்குச் சரி.

அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, மழை பெய்து எத்தனையாவது நாள், உருண்டை எப்படி உதிர்ந்தது, கொழு எந்த உயரம், ஸ்பிரிங் எந்தத் துளை, எட்டாம் நாள் எத்தனை செடி. என் நோட்டில் அந்தத் தம்பி சொன்னதைக் கேட்காத ஆண்டுக்கு எதிரே ஒரே வரிதான் இருக்கிறது: "உருண்டை உதிரவில்லை." அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு புரட்டாசியிலும் அவனுக்குப் போன் போடுகிறேன்.